அரசுத் துறையால் சொத்து சேதமானால் இழப்பீடு: எங்கே போவது, எத்தனை நாள் கெடு, என்ன ஆதாரம்?

கிழக்குவாசல்:

நெடுஞ்சாலைத் துறை வடிகால் தோண்டும்போது பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் சரிகிறது. போலீஸ் பிடித்த வண்டி ஸ்டேஷன் வாசலிலேயே நின்று மக்கிப்போகிறது. மின்னழுத்தம் எகிறி ஃபிரிட்ஜும் மோட்டாரும் கருகுகின்றன. ஆக்கிரமிப்பு என்று சொல்லி பட்டா நிலத்துக் கட்டடத்தை இடித்துவிடுகிறார்கள். எல்லாமே அரசால் வந்த நஷ்டம்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் போகவேண்டிய வாசல் வேறு, கெடு வேறு.

இங்கே வரும் கேள்விகள் பெரும்பாலும் "திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம், பதிலே இல்லை, அடுத்து என்ன செய்வது?" என்றே முடிகின்றன. அந்த அடுத்த படியைத்தான் இந்த இழையில் தொகுக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சட்டப் பிரிவோடு எழுதுங்கள். தமிழ்நாட்டு நடைமுறை போதும்.

வக்கீல் குமாஸ்தா:

முதலில் கெடு. மற்றதெல்லாம் அப்புறம்.

1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 72-வது இனம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கோ, செய்யத் தவறியதற்கோ நஷ்டஈடு கேட்டால் கெடு ஒரே வருடம். செயல் நடந்த நாளிலிருந்து கணக்கு. "நஷ்டஈட்டு வழக்குக்கு மூன்று வருடம்" என்று பொதுவாகச் சொல்வதைக் கேட்டு நிம்மதியாக உட்கார்ந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அரசுத் தரப்பு, "நாங்கள் நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ்தான் வேலை செய்தோம்" என்று பதிலுரையில் ஒரு வரி எழுதினால் போதும், வழக்கு காலம் கடந்தது என்ற வாதம் எழுந்துவிடும். 72-வது இனம் பொருந்தாது என்று எதிர்வாதம் செய்ய இடம் உண்டு. பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு தராமல் இருப்பதற்கு 91-வது இனத்தில் மூன்று வருடமும் உண்டு. ஆனால் அந்தச் சண்டையே வேண்டாம். ஒரு வருடம்தான் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது சி.பி.சி., அதாவது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 80 முன்னறிவிப்பு. மாநில அரசு மீதோ, பதவியின் பேரில் செயல்பட்ட அதிகாரி மீதோ வழக்குப் போட, நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் முழுதாகக் கழிய வேண்டும். மாநில அரசுக்கு என்றால் அரசுச் செயலரிடம் அல்லது மாவட்ட ஆட்சியரிடம் சேர்க்க வேண்டும். ரயில்வே என்றால் பொது மேலாளர். உள்ளூர் உதவிப் பொறியாளருக்கு மட்டும் அனுப்பிவிட்டு அரசுக்கே அனுப்பியதாக நினைப்பது அடிக்கடி நடக்கிற கோளாறு. நோட்டீஸில் பெயர், விவரம், இருப்பிடம், வழக்குக்கான காரணம், கேட்கும் பரிகாரம் இவை இருந்தே ஆகவேண்டும். தொகையை எண்ணால் எழுதுங்கள். ஒப்புகையோடு அஞ்சலில் ஒன்று, ஆட்சியர் அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கிய நகல் ஒன்று, இரண்டும் கையில் இருக்கட்டும். நோட்டீஸ் சேர்ப்பித்த விவரத்தை வாதுரையில், அதாவது வழக்குத் தொடுக்கும் பிராதில், தனிப் பத்தியாகச் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு மாதம் காலவரையறைச் சட்டம் பிரிவு 15(2)-ன்படி கெடுவிலிருந்து கழிக்கப்படும். அதற்காகக் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம்.

நன்செய்:

மனு கொடுத்த ரசீது இருக்கிறதே சார், அது கெடுவை நிறுத்தாதா? முதல்வர் தனிப்பிரிவு எண்கூட கையில் இருக்கிறது என்கிறார்கள்.

வக்கீல் குமாஸ்தா:

நிறுத்தாது மேடம். பத்து மனு கொடுத்து பத்துக்கும் பதில் வந்தாலும் கெடு நடந்த நாளிலிருந்துதான். மனு ஒரு சாட்சியமாகப் பயன்படும், அவ்வளவே. ஆகவே மனுவும் கொடுங்கள், அதே வாரத்தில் பிரிவு 80 நோட்டீஸும் அனுப்புங்கள். ஒன்றுக்கொன்று தடை இல்லை.

அளவுப்புத்தகம்:

சுவர், கட்டட சேதத்துக்கு ஆதாரம் பற்றி எழுதுகிறேன். வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, "சுவர் ஏற்கெனவே பழசு, மழையில் விழுந்தது" என்ற ஒரு வரியை உடைக்க ஆதாரம் இல்லாததால்.

சுவர் ஏன் சரிகிறது? அஸ்திவாரத்தை ஒட்டி, அதன் அடிமட்டத்தைவிட ஆழமாகப் பள்ளம் எடுத்தால், அஸ்திவாரத்தின் கீழுள்ள மண் பக்கவாட்டுத் தாங்கல் இல்லாமல் பள்ளத்துக்குள் நழுவுகிறது. களிமண்ணில் உடனே நடக்காது. பள்ளத்தில் தண்ணீர் நின்று, மோட்டார் போட்டு இறைத்த பிறகுதான் பெரும்பாலும் நழுவும். அதனால்தான் "நாங்கள் தோண்டி ஒரு வாரம் கழித்துதான் விழுந்தது" என்று அவர்களால் சொல்ல முடிகிறது. முறையாகச் செய்வதென்றால் பள்ளத்தின் பக்கங்களுக்குப் பலகையும் முட்டும் கொடுத்து, நீளத்தைச் சிறு சிறு துண்டாகப் பிரித்துத் தோண்டி மூடிக்கொண்டே போகவேண்டும்.

ஆகவே எடுக்க வேண்டிய படம் விழுந்த சுவரின் படம் மட்டுமல்ல. பள்ளத்தின் ஆழம், சுவரிலிருந்து பள்ளத்தின் விளிம்புக்கு உள்ள தூரம், வெளியே தெரியும் அஸ்திவாரத்தின் அடிமட்டம், இந்த மூன்றையும் டேப் வைத்து, எண் தெரியும்படி எடுங்கள். பள்ளத்தை மூடிவிட்டால் இந்த அளவுகள் போய்விடும். சுவர் இன்னும் விழாமல் விரிசல் மட்டும் விட்டிருந்தால், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை சிமென்ட் பூசி ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். சில்லு உடைந்தால் விரிசல் நகர்கிறது என்று பொருள். பழைய விரிசல் என்ற வாதம் அதோடு பலவீனமாகும்.

பிறகு ஆர்.டி.ஐ. மனு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். கேட்க வேண்டியவை: பணி ஆணை, ஒப்பந்ததாரரோடு செய்த ஒப்பந்தம், மதிப்பீட்டு அறிக்கை, அந்தப் பகுதிக்கான அளவுப் புத்தகப் பக்கங்கள். பொறியாளர்கள் எம்-புக் என்பது இதைத்தான். தோண்டிய நீளம், அகலம், ஆழம் அதில் அவர்கள் கையெழுத்திலேயே இருக்கும். பக்கங்களுக்கு முட்டுக் கொடுத்ததற்கென மதிப்பீட்டில் தனி இனம் இருக்கிறதா, அதற்குப் பணம் பட்டுவாடா ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். புத்தகத்தில் முட்டுக்குப் பணம் போயிருந்து, உங்கள் படத்தில் முட்டே இல்லையென்றால் அதைவிட வலுவான ஆதாரம் இருக்க முடியாது.

செலவு மதிப்பீட்டைக் கொத்தனாரின் துண்டுச்சீட்டில் வாங்காதீர்கள். பதிவு பெற்ற பொறியாளரிடம், பொதுப்பணித்துறை விலைப்பட்டியலின்படி வாங்குங்கள். தங்கள் துறையின் விலையையே தவறு என்று அவர்களால் சொல்ல முடியாது.

கிழக்குவாசல்:

"இடித்தது ஒப்பந்ததாரர், நாங்கள் இல்லை" என்று துறை கைகழுவினால்?

அளவுப்புத்தகம்:

இருவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும். பணி ஒப்பந்தத்தில் மூன்றாம் நபர் சேதத்துக்கு ஒப்பந்ததாரரே பொறுப்பு என்ற ஷரத்து வழக்கமாக இருக்கும். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. வேலையைக் கொடுத்தது யார், மேற்பார்வைப் பொறியாளர் யார் என்பதை வாதுரையில் எழுதுங்கள். ஒப்பந்ததாரரின் காப்புத்தொகை இன்னும் துறையிடம் இருக்கிறதா என்பதை ஆர்.டி.ஐ. மூலம் தெரிந்துகொண்டு, அதை விடுவிக்கும் முன் ஆட்சேபணைக் கடிதம் கொடுங்கள். சமரசத்துக்கு ஒப்பந்ததாரர் தானே வந்து நிற்பது பெரும்பாலும் இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான்.

வக்கீல் குமாஸ்தா:

ஒரு கூடுதல் குறிப்பு. சுவரின் மிச்சத்தை அகற்றும் முன் நீதிமன்ற ஆணையரைக் கொண்டு பார்வையிட வைக்கலாம், சி.பி.சி. ஆணை 26 விதி 9. இரண்டு மாதம் காத்திருந்தால் தடயம் அழியும் என்றால், பிரிவு 80(2)-ன் கீழ் அனுமதி கேட்டு நோட்டீஸ் இல்லாமலே வழக்கைத் தாக்கல் செய்யலாம். அவசரம் இல்லை என்று நீதிமன்றம் கருதினால் வாதுரையைத் திருப்பித் தரும், நோட்டீஸ் கொடுத்து மறுபடி வரவேண்டும். கைபேசிப் படங்களுக்கு, பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன் சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு, எழுத இடம் இருக்கிறது. வாட்ஸப்பில் அனுப்பிச் சுருங்கிய நகலுக்கு அல்லாமல், எடுத்த கைபேசியில் உள்ள மூலக் கோப்புக்கே எடுங்கள்.

சாலைமறிப்பு:

பிடிபட்ட வண்டிகளைப் பற்றி யாராவது எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அதுதான் குவிந்து கிடக்கிறது.

கரிசல்:

எழுதுகிறேன். வண்டி விஷயத்தில் நஷ்டஈடு கேட்பதைவிட நஷ்டம் ஆகவிடாமல் தடுப்பது நூறு மடங்கு எளிது.

2002-இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட காலம் போட்டுவைப்பதில் பயனில்லை, படம் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 497 இதையே கெடுவோடு எழுதியிருக்கிறது. சொத்து நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாளில் அதன் விவர அறிக்கை, படமும் காணொளியும், அதிலிருந்து 30 நாளில் ஒப்படைப்பதா வேறென்ன செய்வதா என்ற உத்தரவு. போலீஸ் பிடித்து இன்னும் நீதிமன்றத்தில் ஒப்படைக்காத நிலை என்றால் பிரிவு 503. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451-ம் 457-ம்தான் இவை.

மனுவோடு ஆர்.சி., காப்பீடு, அடையாள அட்டை. சொத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம் 95 போய்விட்டதா என்று முதலிலேயே கேளுங்கள். அது போகாமல் ஸ்டேஷனிலேயே நிற்கும் வண்டிக்கு நீதிமன்ற எண் இருக்காது, மனு அங்கேயே முட்டி நிற்கும். மதுவிலக்கு, மணல் வழக்குகளில் பறிமுதலுக்குத் தனி நடைமுறை உண்டு, அதை முதலில் கவனிக்க வேண்டும்.

நஷ்டத்தை நிரூபிப்பது எப்படி? கைப்பற்றிய மகஜரில் "இருசக்கர வாகனம் ஒன்று" என்று மட்டும் எழுதினால், பிறகு பேட்டரி இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பி.என்.எஸ்.எஸ். பிரிவு 105-ன்படி சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பதிவின் நகலைக் கேளுங்கள், அன்றைய நிலை அதில் இருக்கும்.

வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டியில் என்னென்ன போகும் என்று தெரிந்துகொண்டு வாங்கப் போங்கள். பேட்டரி முற்றிலும் இறங்கித் தகடு சல்ஃபேட் படிந்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்து டேங்கின் அடியில் துரு பிடிக்கும், கார்புரேட்டரில் கோந்துபோல் படியும். சிலிண்டர் சுவரில் எண்ணெய் வடிந்துபோய் பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும். இதைத் தெரியாமல் உதைத்து ஸ்டார்ட் செய்தால் சுவரே கீறிவிடும். வயரிங்கை எலி கடித்திருக்கும். டயர் ஒரே இடத்தில் அழுந்திப் பக்கவாட்டில் வெடித்திருக்கும். ஒப்படைப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் ஓடோமீட்டர் எண், இல்லாத பாகங்கள், உடைந்தவை எல்லாவற்றையும் அதே தாளில் கைப்பட எழுதி, அதைப் படம் எடுங்கள். எழுத விடவில்லை என்றால் கையெழுத்தின் பக்கத்தில் "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்றாவது எழுதி, அன்றைக்கே மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் ஒரு மெமோ தாக்கல் செய்யுங்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த வரியின் கீழ் வெறுமனே கையெழுத்துப் போட்டால் நஷ்டஈடு அங்கேயே முடிந்தது.

தராசு:

கரிசல் சொல்வது சரி, ஆனால் போலீஸ் பாதுகாப்பில் பொருள் போனால் அரசிடம் பணம் வாங்க முடியுமா என்பதே சந்தேகம். கஸ்தூரிலால் வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. 1947-இல் மீரட்டில் போலீஸ் கைப்பற்றிய 100 தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தைத் தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கைது செய்வதும் பொருளைப் பிடிப்பதும் இறையாண்மை அதிகாரம், அதாவது அரசுக்கு மட்டுமே உரிய ஆட்சி அதிகாரம், எனவே அரசு பொறுப்பில்லை என்று 1964-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அரசு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

வக்கீல் குமாஸ்தா:

எடுத்து வைப்பார், உண்மை. ஆனால் அதோடு நிற்பதில்லையே தராசு சார். 1967-இல் மேமன் முகமது வழக்கில், சுங்க அதிகாரிகள் பிடித்த வண்டிகளை மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே விற்றுவிட்டார்கள். சட்டப்படி பிடித்த பொருளைத் திருப்பித்தர வேண்டிவரலாம் என்பதால், அதுவரை பாதுகாக்கும் கடமை அரசுக்கு உண்டு, அந்த மட்டில் அடைக்கலப் பொருளை வைத்திருப்பவரின் நிலைதான் அரசின் நிலை என்றது உச்ச நீதிமன்றம். 1977-இல் பசவ்வா வழக்கில், போலீஸ் பாதுகாப்பில் இருந்த நகை காணாமல் போனதற்கு அரசு மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. 1994-இல் நாகேந்திர ராவ் வழக்கு: அத்தியாவசியப் பொருள் சட்டத்தில் கைப்பற்றிய உரம் கிடங்கிலேயே கெட்டுப்போனது, அரசு பொறுப்பு. இறையாண்மை என்ற வாதத்தின் எல்லையை அந்தத் தீர்ப்பு வெகுவாகச் சுருக்கியது.

இதில் நடைமுறைப் பாடம் ஒன்றுதான். வாதுரையை "காவலர் அலட்சியம்" என்று மட்டும் எழுதினால் கஸ்தூரிலாலுக்குள் போய் விழுவீர்கள். "கைப்பற்றிய சொத்தைப் பாதுகாத்துத் திருப்பித் தரும் சட்டக் கடமை மீறப்பட்டது" என்று எழுதினால் மேமன் முகமது, பசவ்வா வழியில் போவீர்கள். நடந்தது ஒன்றே, அதை எழுதுகிற விதத்தில் வழக்கே மாறுகிறது.

தராசு:

அந்த வேறுபாடு ஏற்கத்தக்கது. குற்ற வழக்கு முடிகிறபோது அதே நீதிமன்றத்தில் சொத்தின் மதிப்பைக் கேட்டு மனுப் போடுவதும் பசவ்வா காட்டுகிற வழிதான், தனி உரிமையியல் வழக்கு வரை போகவேண்டியதில்லை.

மின்கம்பி:

மின்சாரத்துக்கு வருகிறேன். நியூட்ரல் கம்பி அறுந்தால் ஒற்றைமுனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்புகளில் 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வரை ஏறும். ஒரே தெருவில் ஒரே நேரத்தில் பல வீடுகளில் கருகுவது இதனால்தான். சான்று சேர்ப்பதும் அதனாலேயே எளிது. அண்டை வீட்டார் எல்லாரும் ஒரே தேதியில் பிரிவு அலுவலகத்தில் தனித்தனியாக எழுத்துப் புகார் கொடுங்கள். புகார் எண், கம்பியாளர் வந்து சரிசெய்த நேரம், எந்த மின்மாற்றி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கருகிய சர்க்யூட் போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். "அதிக மின்னழுத்தத்தால் பழுது" என்று சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் தாள் முக்கியம்.

எங்கே போவது? நீங்கள் பணம் கட்டும் நுகர்வோர், ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஒரு வழி. இரண்டு வருடக் கெடு. செலுத்திய கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. இன்னொரு வழி, பலர் கவனிக்காதது, நிரந்தர மக்கள் நீதிமன்றம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 22-பி. மின்சாரம், குடிநீர், போக்குவரத்து, தபால், கழிவுநீர், துப்புரவு எல்லாம் அதன் வரம்பில். 1 கோடி ரூபாய் வரை. நீதிமன்றக் கட்டணம் இல்லை. சாதாரண லோக் அதாலத்தில் எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் கோப்பு திரும்பிவிடும். இங்கே சமரசம் முறிந்தாலும் அமர்வே தகுதியைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லலாம், பிரிவு 22-சி(8). நீதிமன்றத்தில் வழக்குப் போடும் முன்பே போகவேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் மாவட்டத்துக்கு எந்த ஊரில் அமர்வு என்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

சாக்கடை எதிரேறி வீட்டுக்குள் புகுந்த நஷ்டத்துக்கும் இதே வாசல்தான்.

நன்செய்:

இடிப்பு பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தந்த நெறிமுறை: இடிக்கும் முன் குறைந்தது 15 நாள் நோட்டீஸ், பதிவு அஞ்சலிலும் கட்டடத்தில் ஒட்டியும். நேரில் கேட்க வாய்ப்பு. காரணம் எழுதிய இறுதி ஆணை. அதன் பிறகும் 15 நாள் அவகாசம். இடிப்பைக் காணொளிப் பதிவு செய்ய வேண்டும். மீறினால் சம்பந்தப்பட்ட அதிகாரி தன் சொந்தச் செலவில் சொத்தை மீட்டுக்கொடுக்கப் பொறுப்பாவார். 2025 ஏப்ரலில் பிரயாக்ராஜ் வீடுகளை முறையின்றி இடித்ததற்கு வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னதும் உச்ச நீதிமன்றம்தான்.

ஆனால் சாலை, தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை இவற்றில் உள்ள அனுமதியற்ற கட்டடத்துக்கும், நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்டதற்கும் இந்த நெறிமுறை பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே நம் ஊர்களில் முதல் கேள்வி, இடம் பட்டாவா, புறம்போக்கா என்பது. நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படமும், நிலம் யார் பேரில் என்ன வகை என்று காட்டும் அ-பதிவேடும் எடுத்து, நில அளவைக்குப் பணம் கட்டி அளந்து வைத்திருங்கள். ஆவணத்தில் பட்டா, அளவையில் இரண்டடி ஓடைக்குள் என்று வந்தால் இடிப்பு அந்த இரண்டடிக்கு மட்டுமே நியாயம். முழுக் கட்டடத்தையும் இடித்திருந்தால் மீதிக்கு இழப்பீடு கேட்கலாம். இடம் புறம்போக்கே என்றாலும் உள்ளே இருந்த பீரோவும் தையல் மெஷினும் குடியிருந்தவர்களுடையவைதான். பொருளை எடுக்க அவகாசம் தராமல் நொறுக்கினால் அதைத் தனியாகக் கேட்கவேண்டும். ஏழைகளிடம் மனையைவிட அந்தச் சாமான்கள்தான் முழு உடைமை. அதைக் கணக்கில் எழுதாமல் விடும் மனுக்களைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை.

முறையின்றி இடித்தது ஆவணத்திலேயே தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு பலிக்கும், சட்டப்படி அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்னும் அரசியலமைப்பின் 300-ஏ. யாருடைய இடம், எவ்வளவு நஷ்டம் என்பதெல்லாம் தகராறு என்றால் உயர் நீதிமன்றம் உரிமையியல் நீதிமன்றத்துக்கே போகச் சொல்லும்.

வக்கீல் குமாஸ்தா:

நன்செய் மேடம் சொன்ன சாமான் பட்டியல் மிக அவசியம். ஒவ்வொரு பொருளுக்கும் வாங்கிய ஆண்டு, விலை, தேய்மானம் கழித்த மதிப்பு. தேய்மானத்தை நீங்களே கழித்துக் காட்டினால் மீதித் தொகை நிற்கும். புது விலையை அப்படியே போட்டால் பட்டியல் முழுவதும் நம்பகம் இழக்கும்.

வட்டியை மறக்காதீர்கள். 1978 வட்டிச் சட்டத்தின்படி, வட்டி கோருவோம் என்று எழுத்து மூலம் அறிவித்த நாளிலிருந்துதான் வழக்குக்கு முந்தைய வட்டி கிடைக்கும். ஆகவே பிரிவு 80 நோட்டீஸிலேயே "இந்த நாள் முதல் இத்தனை சதவீதம் வட்டி கோரப்படும்" என்று ஒரு வரி. காப்பீட்டு நிறுவனம் ஏற்கெனவே கொடுத்த தொகையை மறைக்காமல் கழித்துக் காட்டுங்கள்.

நீதிமன்றக் கட்டணம் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 4 லட்சம் கேட்டால் 12,000 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி உண்டு, கட்டணமும் அதில் அடக்கம்.

சாலைமறிப்பு:

தீர்ப்பு வாங்கிய பிறகும் பணம் வராவிட்டால்? பஸ்ஸை ஜப்தி செய்வதுபோல் கலெக்டர் ஜீப்பையும் செய்யலாமா?

தராசு:

செய்யலாம், ஆனால் உடனே இல்லை. போக்குவரத்துக் கழகம் ஒரு கம்பெனி. அரசுக்குரிய காத்திருப்பு விதி அதற்குப் பொருந்தாது. அதனால்தான் விபத்து வழக்கில் தீர்ப்புத் தொகை கட்டாத கழகத்தின் பஸ்ஸை, பஸ் நிலையத்திலேயே அமீனா நோட்டீஸ் ஒட்டி ஜப்தி செய்ய முடிகிறது. அரசு மீதான தீர்ப்புக்கு சி.பி.சி. பிரிவு 82 உண்டு. தீர்ப்பாணை தேதியிலிருந்து மூன்று மாதம் நிறைவேறாமல் கிடந்த பிறகே நிறைவேற்று மனு. அதன் பிறகு அலுவலக வாகனம், நாற்காலி, கணினி எதையும் ஜப்திக்குக் கேட்கலாம். நிலத்துக்குக் கூடுதல் இழப்பீடு தராத வழக்குகளில் ஆட்சியர் அலுவலகச் சாமான்கள் ஜப்திக்கு வருவது அந்த வழியில்தான்.

அந்த மூன்று மாதத்தைச் சும்மா விடாதீர்கள். தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை, வங்கிக் கணக்கு விவரத்தோடும் வட்டிக் கணக்கோடும் துறைத் தலைமைக்கும் அரசு வக்கீலுக்கும் அனுப்புங்கள். நிதி ஒதுக்கீடு கேட்டுக் கோப்பு நகர அதுதான் அடிப்படைக் காகிதம். அரசு மேல்முறையீடு செய்தால் தடை ஆணைக்கு நிபந்தனையாகத் தொகையின் ஒரு பகுதியை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லும்படி உடனே எதிர்மனு போடுங்கள். கட்டிய தொகையில் ஒரு பங்கை ஜாமீன் கொடுத்து எடுத்துக்கொள்ளவும் மனு உண்டு.